பிடுங்காத முள்ளங்கி

எங்கள் ஆட்கள் லண்டனில் வீடு வாங்கினால் முதல் வேலை சாமிப்படம் மாட்டுவது, இரண்டாவது வேலை வீட்டுக்குப் பின்னாலுள்ள வளவுக்குக் கல்லுப் பதிப்பது. புல் வெட்டத் தேவையில்லை, சேறு இல்லை, பிறந்தநாளுக்குக் கூடாரம் அடிக்கலாம், மழை பெய்தால் தும்புத்தடியால் ஒரு தள்ளு. வெம்பிளியில் எங்கள் தெருவில் மாடி ஜன்னலால் எட்டிப் பார்த்தால் வரிசையாகச் சாம்பல் நிறம்தான். நடுவில் எங்கள் வளவு மட்டும் பச்சையாக இருந்தது. அதற்குக் காரணம் என் தோட்டக்கலை அல்ல. வீடு வாங்கி இரண்டு வருடமாகியும் என் கணவருக்கு லீவு சரிவரவில்லை, அவ்வளவுதான்.

அதற்கு முன் பதினெட்டு வருடம் மூன்றாம் மாடி பிளாட்டில் இருந்தோம். அங்கே எனக்கிருந்த நிலம் ஜன்னல் விளிம்பில் ஒரு சாண் அகலம். அதில் வைத்த மிளகாய்ச் செடியும் ஒருநாள் காற்றுக்குக் கீழே விழுந்து, யாரோ ஒருவருடைய கார்க்கண்ணாடியில் கிடந்தது. ஆகவே இந்த வீட்டுச் சாவி கைக்கு வந்தபோது நான் அறைகளைப் பார்க்கவே இல்லை. நேரே பின்கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, புல்லில் போய் நின்றேன். பெப்ரவரி மாதம். கால் விறைத்துவிட்டது. ஆனால் தலைகால் புரியாத சந்தோஷம்.

மூன்றாவது வருடம் ஏப்ரலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேத்தண்ணிக் கோப்பையோடு இவர் வந்தார்.

"இஞ்சேரும், ஜூலையில எனக்கு ரெண்டு கிழமை லீவு. பின்வளவுக்குக் கல்லுப் பதிக்கலாம் எண்டு நினைக்கிறன். தம்பியோட கதைச்சிட்டன்."

தம்பி என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் ஆட்களின் வளவுகளுக்குக் கல்லுப் பதிப்பதே தொழிலாகக் கொண்ட ஒருவர். பாதித் தெருவை மூடியது அவர்தான். நாங்கள் அவரைக் கல்லுத்தம்பி என்போம்.

"என்னைக் கேட்டனீங்களோ?" என்றேன்.

"கேக்கிறதுக்கு என்ன இருக்கு? ரெண்டு வருசமா அதில என்ன முளைச்சது? புல்லும் நரியும்."

நரி முளைக்கவில்லை, வந்து போனது. அதை நான் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தால் சரியான பதில் ஒருபோதும் வராது. வாயில் எது நிற்கிறதோ அதுதான் வரும். "இந்த மண்ணில ஒரு சட்டி கறி வைச்சுக் காட்டுறன், பாப்பம்!" என்று கத்திவிட்டேன்.

இவர் ஒரு பார்சல் கிடங்கில் பெட்டிகளைச் சரிபார்க்கிறவர். எடை சரியா, ஒட்டு சரியா, முகவரி சரியா என்று நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, வீட்டிலும் எதற்கும் நிபந்தனை வைப்பார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"சரி. ஜூலை முதலாம் சனி தம்பி அளவெடுக்க வருவான். அதுக்குள்ள இந்த மண்ணில இருந்து ஒரு சட்டி கறி மேசைக்கு வந்தா கல்லு இல்லை. வராட்டி கல்லு. கீரை கணக்கில்லை. புல்லைச் சுண்டிப்போட்டுக் கறி எண்டு சொல்லக்கூடாது."

போன வருடம் வேலியோரத்தில் முளைத்த எதையோ கீரை என்று நான் வறை செய்ததை இவர் மறக்கவில்லை. இரண்டு பேருக்கும் அன்று வயிறு சரியில்லை.

"ஓம்," என்றேன். "கீரை இல்லை. முள்ளங்கி."

ஏன் முள்ளங்கி என்று கேட்டால், அன்று காலை சுப்பர்மார்க்கெட்டில் அந்த விதைப் பையைப் பார்த்திருந்தேன். 'நாலு கிழமையில் தயார்' என்று போட்டிருந்தது. அவசரக்காரிக்கு ஏற்ற மரக்கறி. அடுத்த நாளே போய் வாங்கினேன். வேலியோரமாக ஒரு பாத்தி கொத்தி, பை முழுவதையும் கவிழ்த்துக் கொட்டினேன். ஒவ்வொன்றாக இடைவெளி விட்டுப் போடுவதெல்லாம் என் குணத்துக்கு ஒத்துவராது.

ஐந்தாம் நாள் முளைத்தது. நான் காற்சட்டை நீளம் குறைக்கிற தையல் கடையில் வேலை செய்கிறேன். பத்து மணிக்குக் கடை திறந்தால் போதும். ஆனால் அந்த மாதம் முழுக்க ஆறு மணிக்கே எழும்பி, இரவு உடுப்புக்கு மேலே இவருடைய கிடங்கு ஜாக்கெட்டை, வெளிச்சம் பட்டால் பளபளக்கிற அந்த மஞ்சள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, வளவில் நிற்பேன். முளை ஒவ்வொன்றுக்கும் காலை வணக்கம். நத்தைகளுக்கு வணக்கம் இல்லை. அவற்றைப் பிடித்துத் தெருப்பக்கப் புதருக்கு நாடு கடத்துவேன். மறுநாள் அதே நத்தை அதே இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும்.

மே நடுப்பகுதியில் மண்ணுக்கு மேலே சிவப்புச் சிவப்பாகத் தோள் தெரிந்தது. விரலால் மண்ணை விலக்கிப் பார்த்தேன். உருண்டையாக, குங்குமச் சிமிழ் அளவில், கொழுகொழுவென்று இருந்தது. எனக்குக் கூத்தாட வேண்டும் போலிருந்தது. ஆடினேன். மஞ்சள் ஜாக்கெட்டோடு.

இந்த இடத்தில் என் மூளை செய்த வேலையை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

எங்களுக்கு முள்ளங்கி என்றால் முழங்கை நீளம். வெள்ளை. ஈலிங் ரோட்டுக் கடையில் பையை மீறி வால் நீட்டிக்கொண்டு நிற்பது. விதைப் பையின் படத்தில் சின்னதாய்ச் சிவப்பு உருண்டைகள்தான் இருந்தன. அதை நான் கவனிக்காமல் இல்லை. கவனித்து, யோசித்து, ஒரு முடிவுக்கும் வந்திருந்தேன். இந்த ஊர்ச் சனம் எதையும் பிஞ்சிலேயே பிடுங்குகிற சனம். பிஞ்சுச் சோளம், பிஞ்சுக் கரட், பிஞ்சுக் கீரை, பிஞ்சு உருளைக்கிழங்கு என்று கடை முழுக்கப் பிஞ்சுதானே? ஆகவே படத்தில் இருப்பது பிஞ்சு முள்ளங்கி. பொறுமையாக விட்டால் நீளும். சிவப்பு நிறமா? பிள்ளைகள் பிறக்கும்போது சிவப்பாகத்தானே இருக்கிறார்கள், பிறகு நிறம் மாறவில்லையா? பிஞ்சுக்கு நாலு கிழமை என்றால் முழுசுக்கு எட்டுக் கிழமை. கணக்கில் நான் கெட்டிக்காரி.

"உது பிடுங்கிற பருவம் போல கிடக்கு," என்று இவர் ஒருநாள் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"உங்களுக்கு விளங்காது. இப்ப பிடுங்கினா கறிக்குக் காணாது. வெள்ளையாகட்டும்."

"வெள்ளையாகுமோ?"

"ஆகும்."

அவ்வளவு உறுதியாகச் சொன்னதால் இவரும் நம்பிவிட்டார். நானும் நம்பிவிட்டேன்.

ஜூன் வந்தது. முள்ளங்கி நிமிர்ந்தது. நடுவில் ஒரு தண்டு கிளம்பி, முழங்கால் தாண்டி, இடுப்பு வரை வந்து, கிளை விட்டு, வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்தது. தேனீ என்றால் அப்படி ஒரு தேனீ. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மேலே இவ்வளவு உயரம் என்றால் கீழே எவ்வளவு நீளம் இருக்கும்? என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை இவரை வெளியே கூப்பிட்டேன். சட்டி, கத்தி, சுளகு எல்லாம் கொண்டுவந்து வைத்தேன். "வந்து பாருங்கோ," என்று சொல்லி இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

வந்தது ஒரு விறகு. வெடித்து, கறுத்து, நார் நாராய், என் பெருவிரலைவிடக் கொஞ்சம் பெரிதாய், ஒரு எலிவால் வேரோடு. கத்தி இறங்கவில்லை. இன்னொன்றை இழுத்தேன். அதுவும் விறகு. மூன்றாவது, நாலாவது, ஏழாவது. எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. "மூதேசி, இதுக்கோ உனக்குத் தண்ணி ஊத்தினனான்? இதுக்கோ விடிய எழும்பினனான்?" என்று ஒவ்வொன்றையும் முகத்துக்கு நேரே பிடித்துத் திட்டித் திட்டி எறிந்தேன். ஒன்று பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு வளவில் விழுந்தது.

இவர் சிரிக்கத் தொடங்கினார். சாதாரணச் சிரிப்பு இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வர, குனிந்து குனிந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். பிறகு இவர் கண்ணைத் துடைத்துவிட்டு, நல்ல குரலில்தான், "அப்ப தம்பியை வரச் சொல்லுறன், என்ன?" என்று கேட்டார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஐம்பத்திரண்டு வயதில் முள்ளங்கிக்காக அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். முள்ளங்கிக்காக இல்லை. அந்த மண் எனக்கு வேண்டும். அதைச் சொல்லி விளங்கப்படுத்தவும் எனக்குத் தெரியவில்லை. வாய்ச்சவடால் மட்டும்தான் தெரியும்.

மிச்சச் செடிகளை நான் தொடவில்லை. கல்லுத்தம்பியே வந்து பிடுங்கட்டும் என்று வீம்புக்கு விட்டுவிட்டேன். ஒரு கிழமை மழை. காலையில் எழும்புவதும் நின்றுபோனது.

ஜூலை முதலாம் சனிக்கு முதல்நாள், வெள்ளி பின்னேரம், இவர் அளவு நாடாவோடு வளவில் நின்றார். தம்பி வரமுன் தானும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டுமாம். நாடாவின் மற்ற முனையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முகத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரி தலை தெரிந்தது. குஜராத்திக்காரி, என் வயது, கணவர் இல்லை, பிள்ளைகள் லெஸ்டரில். நான் அவளைப் பென் என்பேன், அவள் என்னைப் பென் என்பாள். அவர்கள் மொழியில் அக்கா தங்கை முறை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது உடைந்த ஆங்கிலம். அதை நான் இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

"பென்," என்றாள், "இன்னும் பறிக்கவில்லையா? நாளைக்கே பறி. விட்டால் முற்றிவிடும்."

"எதை?"

அவள் கையை நீட்டி ஒரு கிளையைத் தொட்டாள். நான் அப்போதுதான் பார்த்தேன். பூ இருந்த இடமெல்லாம் காய். பச்சை மிளகாய் போல, முனை கூராக, சில ஊதா படிந்து, கிளை நிறைய, செடி நிறைய, பாத்தி நிறைய. "மோக்ரி," என்றாள். "முள்ளங்கிக் காய். எங்கள் ஊரில் இதற்காகவே வளர்ப்போம். இங்கே எல்லோரும் கிழங்கை அவசரப்பட்டுப் பிடுங்கிவிடுவார்கள். நீ காய்க்காகத்தானே விட்டுவைத்தாய்? நல்ல பொறுமை உனக்கு."

வாழ்க்கையில் என்னை யாரும் பொறுமைசாலி என்று சொன்னதில்லை. ஒரு காயை முறித்து வாயில் போட்டேன். நறுக்கென்றது. பிறகு முள்ளங்கிக் காரம் மூக்கில் ஏறியது. கண் கலங்கியது. உள்ளே பட்டாசு வெடித்தது.

"ஓம் பென்! காய்க்குத்தான்! வேறெதுக்கு?" என்றேன், இவருக்குக் கேட்கவேண்டும் என்று உரத்து.

இவர் நாடாவைச் சுருட்டினார். "உது நீர் சொன்ன முள்ளங்கி இல்லையே," என்றார்.

"கீரையுமில்லையே!" என்றேன்.

சந்தோஷ வெறியில் மனுஷர் செய்கிற முட்டாள்தனம் ஒன்றிருக்கிறது, வாரி வழங்குவது. "பென், பாதி உனக்கு!" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை பறித்தபோதுதான் தெரிந்தது. அண்டா நிறைய வரும் போலத் தெரிந்ததெல்லாம் கூடைக்குள் ஒரு சட்டிக்குத்தான் வந்தது. பாதி கொடுத்தால் அரைச் சட்டி. அவளுடைய பையைக் கட்டி வேலிவரை கொண்டு போனேன். திரும்பி வந்தேன். ஒரு பிடி எடுத்தேன். வெட்கமாக இருந்தது, திரும்பப் போட்டேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வேலிக்கு மேலால் கொடுத்துவிட்டேன்.

மிஞ்சியதைக் காம்பு கிள்ளி, இரண்டாக முறித்து, வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் வெந்தயத்தோடு அவியவிட்டுத் தேங்காய்ப்பால் விட்டேன். இறக்கித் தேசிக்காய் பிழிந்தேன். காரம் அடங்கி, ஒரு கசப்பும் இனிப்புமாக நின்றது. குசினி முழுக்க ஆடிக்கொண்டுதான் சமைத்தேன். ஆனால் சட்டியை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஆட்டம் நின்றது. அரைதான்.

பன்னிரண்டரைக்குக் கல்லுத்தம்பி வந்தார். வளவைச் சுற்றி நடந்தார், எழுதினார், காதுக்குப் பின்னால் பென்சிலைச் செருகினார். சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்புகிற வழக்கம் எங்களுக்கில்லை. வேறு கறிகளும் வைத்திருந்தேன், பருப்பு, பொரியல் என்று. மேசையில் இருத்திச் சோறு போட்டேன். இவர் முள்ளங்கிக் காய்ச் சட்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பெட்டி சரிபார்க்கிற அதே பார்வை.

"அரைச் சட்டி," என்றார்.

அந்த நேரம் பின்கதவில் தட்டல். பென் நின்றாள், மூடி போட்ட பாத்திரத்தோடு. தன் பங்கைக் கத்தரிக்காயோடு சமைத்துக் கொண்டு வந்திருந்தாள். அவளையும் இருத்தினோம். நான் அந்தப் பாத்திரத்தை என் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதுவும் எங்கட மண்ணில வந்ததுதான். அரையும் அரையும் ஒண்டு."

"கத்தரிக்காய் கடையில வாங்கினது," என்றார் இவர். "அதோட, காய் எண்டு நாங்கள் பேசேல்லை."

"சட்டி எண்டுதானே பேசினது!"

கல்லுத்தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன அண்ணை பிரச்சினை?"

இவர் முழுவதையும் விளக்கினார், ஏப்ரலிலிருந்து. நேர்மையான மனுஷன், கீரை நிபந்தனையைக்கூட விடவில்லை. கடைசியில், "நீயே சொல்லு தம்பி. இது கறியோ, இல்லையோ?" என்று கேட்டார்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். கறி என்று சொன்னால் அந்த மனுஷனுக்கு வேலை போய்விடும். எந்த மடையன் சொல்லுவான்? கல்லுத்தம்பி இரண்டு பாத்திரத்திலிருந்தும் அள்ளிப் போட்டுச் சாப்பிட்டார். பிறகு திரும்பவும் போட்டார். சோற்றுக் கோப்பையை வழித்தார்.

"அண்ணை," என்றார், "பொய் சொல்லேலாது. சாப்பிட்டிட்டன். இது கறிதான்."

நான் கத்திய கத்தில் பென் பயந்துபோனாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிடித்துக் கட்டிக்கொண்டு, ஆங்கிலத்திலும் கையிலும் காலிலும் கதையைச் சொன்னேன். இவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு சட்டியில் மிச்சமிருந்ததைத் தன் கோப்பையில் கவிழ்த்துக்கொண்டார். தோற்றதை ஒத்துக்கொள்கிற இவருடைய முறை அது.

பென் எல்லாம் கேட்டுவிட்டு, கல்லுத்தம்பி பக்கம் திரும்பினாள். "பதித்த கல்லைக் கழற்றவும் தெரியுமா?"

தம்பி காதிலிருந்த பென்சிலைக் கையில் எடுத்தார். "இத்தனை வருசத்தில ஒருத்தரும் கேக்கேல்லை," என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். "கழட்டலாம். ஏன் ஏலாது?"

அடுத்த சனிக்கிழமை அவள் வளவில் பன்னிரண்டு கல்லுக் கழன்றது. லீவில் நின்ற இவர்தான் தூக்கிக் கொடுத்தார். கடைசிக் கல்லை எடுத்ததும் பென் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கறுத்த மண்ணில் இறங்கி நின்றாள். வெளியே வரச் சொன்னால் வரமாட்டேன் என்றாள்.

ஓகஸ்ட் தொடக்கத்தில் புது விதைப் பையை வேலிக்கு மேலால் அவளிடம் நீட்டினேன். எப்போது பிடுங்குவது, எவ்வளவு நாள் காய்க்கு விடுவது என்று கேட்டாள். எனக்கு அசடு வழிந்தது. இனியும் பொறுமைசாலி வேஷம் போட முடியவில்லை.

"பென், ஒரு விஷயம். எனக்குக் காயைப் பற்றி ஒன்றும் தெரியாது. கிழங்கு நீளும் என்று காத்திருந்தேன். அன்று உன்னிடம் சொன்னது பொய்."

"தெரியும்," என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"ஜூனில் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் திட்டினாயே. மொழி விளங்கவில்லை. பாராட்டவில்லை என்று விளங்கியது. ஒன்று என் பின்வாசலில் வந்து விழுந்தது."

"பிறகேன் அன்று வெள்ளிக்கிழமை நான் வேண்டுமென்றே வளர்த்ததாகச் சொன்னாய்?"

அவள் விதைப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உன் வீட்டுக்காரர் நாடாவோடு நின்றார். நீ அழுத முகத்தோடு நின்றாய். என் கணவர் இந்தக் கல்லைப் பதித்தபோது நானும் ஒரு கிழமை சந்தோஷப்பட்டேன், சேறு இல்லை என்று. நீங்கள் வந்த நாளிலிருந்து குசினி ஜன்னலில் நின்று உன் மண்ணைத்தான் பார்க்கிறேன். உன்னுடையதையும் மூடிவிட்டால் நான் எதைப் பார்ப்பேன், பென்?"

நான் வேலிக்கு மேலால் பாய்ந்து அவளைக் கட்டிப்பிடித்தேன். இரண்டு பேருடைய பாரத்துக்கும் நடுப்பலகை ஒன்று படாரென்று முறிந்து விழுந்தது. சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் மூச்சு வரவில்லை. சத்தம் கேட்டு இவர் சுத்தியலும் ஆணியுமாக ஓடி வந்தார். அதை அப்படியே விடச் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினோம்.